ஜோசியர் குறித்துக் கொடுத்த புதன்கிழமை

பேச்சியம்மாள் தனியாள். மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், முன்னறை வேண்டும் என்று அவள் எத்தனை முறை கேட்டும், அங்கே குடியிருந்த ஜோசியர் ஏகாம்பரம் காலி செய்யவில்லை. "வீடு மாற நாள் சரியில்லை" என்பார்.

ஒருநாள் காலை, ஜாதகம் பார்க்க வந்தவர்களோடு அவளும் வெற்றிலை பாக்கு வைத்து உட்கார்ந்தாள்.

"ஒருத்தர் வீடு மாறணும் சாமி. மூணு மாசமா நாளே இல்லைன்னு ஒரு ஜோசியர் சொல்றாரு."

ஏகாம்பரம் பஞ்சாங்கத்தை விட்டு நிமிரவில்லை. "விவரம் கெட்டவன். இந்தப் புதன்கிழமையே அருமையான நாள்."

"அந்த ஜோசியரும் நீங்கதான், மாற வேண்டியவரும் நீங்கதான் சாமி."

வந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

புதனன்று பெட்டியைத் தூக்கியவர், "மக வர்ற வரைக்கும் உனக்குப் பேச்சுத்துணைக்கு யாரு இருக்கா?" என்றார்.

"நீங்க இருந்தப்பவும் யாரும் இல்லையே சாமி" என்றாள்.