எப்போது இறங்கும்?

அரசுக் காப்பீட்டு அலுவலகத்தில் தணிகாசலம் என்றொரு அதிகாரி. தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவர். அவர் முன்னால் மூன்றாவது தடவையாக வந்து நின்றாள் இட்லிக்கடை செல்லக்கிளி. அவள் மகளுக்குச் சர்க்கரை நோய். சொல்லாமல் கொள்ளாமல் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவாள். கையில் ஒட்டும் கண்காணிப்புக் கருவி இருந்தால் முன்கூட்டியே மணியடிக்கும்; அதைக் காப்பீட்டில் வாங்க அவர் கையெழுத்து வேண்டும். மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

"சர்க்கரை இறங்கியிருக்கிறப்போ பிள்ளையக் கூட்டிட்டு வா. பார்த்தாத்தான் கையெழுத்து" என்றார் தணிகாசலம்.

"சரிங்க சார். என்னைக்கு, எத்தனை மணிக்கு இறங்கும்னு எழுதிக் குடுங்க. கூட்டிட்டு வந்துடறேன்."

"என்ன நக்கலா? அது எப்ப இறங்கும்னு யாருக்கும்மா தெரியும்? பெத்தவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது!"

செல்லக்கிளி விண்ணப்பத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "கருவி ஏன் தேவைன்னு நீங்க எழுத வேண்டிய கட்டம் காலியாக் கிடக்கு. இப்பச் சொன்னதை அப்படியே அதுல எழுதிடுங்க சார்."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தணிகாசலம் பேனாவைத் தேடினார்.

செல்லக்கிளி மட்டும் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் எழுதுங்க சார். இப்பக்கூட இறங்கிட்டிருக்கும்."