தேங்காய் ரொட்டிக்குள் வளை தோண்டியது யார்?

அந்தக் காலத்தில் நண்டு பேசும், கோழி பொய் சொல்லும், காற்றுக்கு உடம்பு வலிக்கும். நம்பாதவர்கள் கரீபியன் கடலுக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். அந்தக் கடலில் ஒரு சின்னத் தீவு. கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன நம் ஆட்கள் அங்கே குடியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அங்கம்மா. அவள் புருஷன் சடையப்பன்.

அந்தத் தீவில் வீட்டுக்கு வீடு தேங்காய் ரொட்டி சுடுவார்கள். கோதுமை மாவில் துருவிய தேங்காயும் தேங்காய்ப்பாலும் போட்டு, முந்தின நாள் மாவில் புளிக்கவிட்ட ஒரு பிடியைச் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைப்பார்கள். உப்பியதும் கனத்த இரும்புச் சட்டியில் வாழையிலை விரித்து, அதன்மேல் மாவை வைத்து மூடிவிடுவார்கள். சட்டிக்குக் கீழே நெருப்பு, மூடிக்கு மேலேயும் நெருப்பு. மேல் நெருப்பை அடுக்கும்போதுதான் எல்லாருக்கும் விரல் வேகும். அங்கம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவள் அடுப்போரம் வளை தோண்டிக்கொண்டு ஒரு நண்டு இருந்தது. தன் பெரிய கொடுக்கால் கங்கு கங்காக எடுத்து மூடிமேல் வைத்துக் கொடுக்கும். கூலி, ரொட்டி ஓரத்தில் ஒரு துண்டு.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒருநாள் ரொட்டியை வெட்டும்வரை. மேலே தோல், கீழே தோல், நடுவில் ஒன்றுமே இல்லை. கை நுழைகிற அளவுக்குப் பொந்து. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "மேல கூரை, கீழ தரை, நடுவுல ஆளே இல்ல. வாடகைக்கு விடலாம்போல இருக்கே அங்கம்மா!"

அங்கம்மாவுக்கு மானம் போனது. முதலில் புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, வயலுக்குப் போறேன்னு சொல்லிட்டுச் சட்டியத் தொறந்தீங்களா?"

"நடுவுல மட்டும் தின்னுட்டு மேல்தோலத் தச்சு வைக்க நான் என்ன தையக்காரனா?" என்றான் சடையப்பன். உடனே அவளைப் பார்த்தான். "நீதான புள்ள வீட்டுல இருக்க?"

அன்றைக்கு இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவர் வாயை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

வாசலில் கிளறிக்கொண்டிருந்த கோழி மெதுவாக உள்ளே வந்தது. அதற்கு அந்த ஓரத்துண்டின்மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

"நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பொந்து தோண்டத் தெரிஞ்சவங்க இந்த வீட்டுல எத்தன பேரு?"

எல்லார் பார்வையும் அடுப்போரம் போனது.

"ஏ கெளறி!" என்று நண்டு வெளியே வந்தது. "நீ பாத்தியா?"

"பாக்கலைன்னு சொல்ல மாட்டேன்."

"அங்கம்மாக்கா, சாமி சத்தியமா நான் தொடல. கங்க எடுத்து வைக்கிறதோட சரி."

சடையப்பன் நண்டைச் சுற்றி வந்து பார்த்தான். அவனுக்கு நண்டுக் குழம்பு என்றால் உயிர். இத்தனை நாள் வீட்டோடு இருக்கிற பிராணியாயிற்றே என்று நாக்கைக் கட்டிவைத்திருந்தான். இப்போது நியாயமே அவன் பக்கம் வந்து நின்றது. "விசாரிச்சுடுவோம். குத்தம் செஞ்சிருந்தா குழம்பு. செய்யலைன்னா விட்டுடுவோம்," என்றான். செய்யலைன்னா என்று சொல்லும்போது அவன் குரல் இறங்கிப் போனது.

மறுநாள் நண்டின் கொடுக்கு இரண்டையும் வாழைநாரால் கட்டி, அதைக் கூடைக்குள் போட்டுக் கவிழ்த்தார்கள். அதன் சொந்தபந்தங்கள் உள்ளே வந்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்தி, ஜன்னலை அடைத்து, சந்துபொந்திலெல்லாம் துணியைத் திணித்தார்கள். மாவை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாவையும் பார்த்தார்கள், ஒருவரை ஒருவரும் பார்த்தார்கள்.

அன்றைக்கு ரொட்டி கெட்டியாக வந்தது. பொந்தே இல்லை.

"நண்டு கூடையில, ரொட்டி முழுசா! இன்னும் என்ன சாட்சி வேணும்?" என்று எழுந்தான் சடையப்பன். அடுத்த நிமிஷம் பானையில் தண்ணீர் ஏறியது. அம்மியில் மிளகும் மல்லியும் விழுந்தன.

கூடைக்குள்ளிருந்து நண்டு குரல் கொடுத்தது. "அக்கா, ஒரே ஒரு தடவ. தெனமும் கதவத் தொறந்து வச்சுத்தான மாவ உப்ப விடுவீங்க? அதே மாதிரி இன்னொரு மாவு வைங்க. நான் கட்டுலயே இருக்கேன். பொந்து விழலைன்னா நானே பானைக்குள்ள குதிக்கிறேன்."

"தப்பிக்கப் பாக்குது," என்றான் சடையப்பன்.

"கட்டிப் போட்டது எங்க தப்பிக்கும்?" என்றாள் அங்கம்மா. குழம்புக்கு அவன் பறக்கிற பறப்பு அவளுக்கும் சந்தேகமாக இருந்தது. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு இன்னொரு மாவைப் பிசைந்து வைத்தாள். கூடையையும் பக்கத்தில் இழுத்து நிமிர்த்தி வைத்தாள்.

ஈரத்துணி மெல்ல மெல்ல உயர்ந்தது. தண்ணீர் ஒரு பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. நண்டு மட்டும் மாவையே உற்றுக் கேட்டது.

"அக்கா, மாவு குறட்டை விடுது."

"பயத்துல உளறுது," என்றது கோழி.

"ஒரு கொடுக்க மட்டும் அவுத்து விடுங்கக்கா."

"அவுக்காத புள்ள!" என்று கத்தினான் சடையப்பன். அங்கம்மா அவனையும் நண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு கொடுக்கை மட்டும் அவிழ்த்துவிட்டாள். நண்டு துணியை விலக்கி, கொடுக்கை ஓங்கி, உப்பிய மாவின் நடுமண்டையில் ஒரே குத்து!

"ஐயோ, என் விலா!"

மாவுக்குள்ளிருந்து புஸ்ஸென்று கிளம்பியது கடற்காற்று. "அத்தன கடலத் தாண்டி வர்றவன் கொஞ்சம் கண்ணசர ஒரு மெத்தையான இடம் கிடையாதா? கதகதன்னு இருக்கேன்னு படுத்தா குத்துறீங்க!" என்று சத்தம் போட்டது. நண்டு விடவில்லை. அங்கே ஒரு குத்து, இங்கே ஒரு குத்து. குத்திய இடத்திலெல்லாம் காற்றின் பிள்ளைகுட்டிகள் கீச்கீச்சென்று எழுந்து ஓடின. முந்தின மாவுக்கு ஏன் வரவில்லை என்று அங்கம்மா கேட்டாள். "கதவச் சாத்திட்டு வான்னா எப்படி வருவேன்?" என்று சொல்லிவிட்டு, சடையப்பன் தலையிலிருந்த ஓலைத்தொப்பியைத் தட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஜன்னல் வழியே போய்விட்டது.

பானையில் தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. கோழி எப்போது வெளியே போனதென்று யாருக்கும் தெரியாது.

அங்கம்மாவுக்கு முகம் சுருங்கிப் போனது. மற்றக் கட்டையும் அவிழ்த்துவிட்டாள். "தம்பி, மனசுல வச்சுக்காத. வா, வந்து வழக்கம்போல கங்க எடுத்து வையி. இனிமே பாதி ரொட்டி உனக்கு."

"குத்தம் இல்லதான்," என்று முனகினான் சடையப்பன். "ஆனா மசாலா அரைச்சாச்சே."

"என்னங்க!"

"சும்மா சொன்னேன் புள்ள." அவன் சிரித்தான். ஆனால் பானை மூடி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

நண்டு அதுவரை எல்லாரையும்போல நேராகத்தான் நடந்தது. இப்போது ஒரு நிமிஷம் யோசித்தது. முன்னால் போனால் பானை. திரும்பி ஓடினால் முதுகுப்பக்கம் சடையப்பன் கை. கண் இரண்டையும் மண்டையிலிருந்து வெளியே தூக்கி, ஒன்றை அவன்மேலும் ஒன்றை அவள்மேலும் நிறுத்தியது. முகத்தைத் திருப்பாமல், முதுகைக் காட்டாமல், பக்கவாட்டிலேயே நகர்ந்து நகர்ந்து வாசலைத் தாண்டியது.

"தம்பி! தம்பி!" என்று அங்கம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அது நிற்கவில்லை. அன்றைக்கு மூடிமேல் நெருப்பை அவளேதான் அடுக்கினாள். ரொட்டி பொந்தில்லாமல் வந்தது. விரல்தான் கொப்புளித்துப் போனது.

அந்தத் தீவில் தேங்காய் ரொட்டியைச் சட்டியில் வைக்கும் முன் முள்கரண்டியால் குத்துவது அந்த நாளிலிருந்துதான். நம்மைக் கண்டதும் நண்டு கண்ணைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடுவதும் அந்த நாளிலிருந்துதான், ஏனென்றால் நாம் மசாலாவை அரைத்துவிட்டோமா இல்லையா என்று அதற்கு இன்னும் தெரியவில்லை.