சாவடியில் பறிபோன நோட்டு

பலூசிஸ்தானின் மக்ரான் பக்கத்துப் பேரீச்சந்தோப்பு ஊர் ஒன்றில் தோஸ்தேன் என்றொரு கவிஞர் இருந்தார். பலூச் மண் பலூச் மக்களுக்கே என்று பாடியதற்காக இரண்டு முறை சிறைக்குப் போனவர். அச்சில் வந்த அவருடைய ஒரே புத்தகத்தை நடுச்சந்தையில் போட்டுக் கொளுத்தினார்கள். பிறகு, தலைநகரத்து மொழியில் எழுதினால் பரிசு தருகிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். வந்த ஆளுக்குத் தேநீர் கொடுத்து, நல்லபடியாக வழியனுப்பிவைத்தார்.

சிறை அவருடைய ஞாபகத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டிருந்தது. காலையில் கட்டிய கவிதை மாலையில் நினைவில் நிற்காது. அவர் வாய் திறந்ததும் எழுதிக்கொள்ள ஜியாந்த் என்ற சீடர் பக்கத்திலேயே இருப்பார். சீடர் என்றால் சின்னப் பையன் இல்லை. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், குருவைவிட நாலு வயது மூத்தவர். இருபது வருடக் கவிதைகளும் அவருடைய தடித்த நோட்டு ஒன்றில்தான் இருந்தன. இன்னொரு பிரதி எடுக்க வேண்டும் என்று ஜியாந்த் நினைக்காத நாளில்லை. நினைத்ததோடு சரி.

ஒருநாள் புத்தி வந்து, கராச்சியில் பிரதி எடுக்கலாமென்று நோட்டைப் பேரீச்சம்பழக் கூடையின் அடியில் ஒளித்துக்கொண்டு பஸ் ஏறினார். மறுநாளே திரும்பி வந்தார். கூடை இருந்தது, நோட்டு இல்லை.

தோஸ்தேன் அவரை உட்காரவைத்து, "ஹால் சொல்லுங்க" என்றார்.

பலூச் மக்களின் வழக்கம் அது. வந்தவரிடம் ஹால் கேட்பார்கள். கேட்டுவிட்டால், பார்த்தது, கேட்டது, கொண்டுவந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். மறைப்பது மானக்கேடு. சொல்லி முடித்ததும் கேட்டவரும் தன் ஹாலைச் சொல்ல வேண்டும்.

ஜியாந்த் அழுதுகொண்டே சொன்னார். சோதனைச் சாவடியில் காவலன் ஒருவன் கூடையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டான். பஸ் கிளம்பச் சிறிது நேரம் இருந்தது. அந்தக் காவலனும் பலூச்தான். பொழுது போகாமல், "பெரியவரே, ஹால் என்ன?" என்று பலூச்சி மொழியில் கேட்டான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஜியாந்த் ஊரில் மழை இல்லாததைச் சொன்னார், அண்டை வீட்டுக் கல்யாணத்தைச் சொன்னார், கூடையின் அடியில் நோட்டு இருப்பதையும் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் எடுத்தும் காட்டினார். அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்து நின்றார். அவருக்குப் பலூச்சி தெரியாது. நோட்டைப் பிடுங்கிக் காவலன் கையில் கொடுத்து, இதில் என்ன இருக்கிறதென்று முழுக்கப் படித்துச் சொல் என்றார்.

"என் வாயால உங்க இருபது வருஷத்தையும் அழிச்சிட்டேன், வாஜா. இனி என்ன மிஞ்சும்?" என்றார். வாஜா என்றால் அவர்கள் மொழியில் ஐயா.

தோஸ்தேன் கேட்டார்: "அவன் ஹால் கேட்டான். நீங்க சொன்னீங்க. பதிலுக்கு அவன் ஹாலைச் சொன்னானா?"

"எங்கே சொன்னான்? அதுக்குள்ள அதிகாரி வந்துட்டார்."

"அப்போ பேச்சு இன்னும் முடியலை" என்று சொல்லிவிட்டு, தோஸ்தேன் தேநீரைக் குடிக்க ஆரம்பித்தார்.

ஜியாந்த் புது நோட்டு ஒன்று வாங்கி, நினைவில் உள்ளதை எழுதிப் பார்த்தார். பதினொரு கவிதைகள்தான் தேறின. இருநூறுக்கு மேல் இருந்த இடத்தில் பதினொன்று. குருவின் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

எட்டாம் நாள் காலை, எல்லைக்கு அப்பாலிருந்து டீசல் ஏற்றிவரும் வண்டி ஒன்று தோப்பு ஓரம் நின்றது. ஓட்டுநர் ஷம்பே இறங்கி வந்தான். தோஸ்தேன் ஹால் கேட்டார்.

"அதை ஏன் கேக்கறீங்க, வாஜா" என்று சிரித்தபடி ஷம்பே ஆரம்பித்தான். சாவடியில் ஒரு காவலனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். அதிகாரி மதியம் தூங்கப் போனதும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறானாம். வண்டிக்கு ஒரு பாட்டு வாசிக்கிறானாம். ஓட்டுநர் அதைப் பிசகில்லாமல் திருப்பிச் சொன்னால்தான் வழியை மறித்துக் கட்டிய கயிற்றை இறக்குகிறானாம். கராச்சி போகிற வண்டிக்கு ஒரு பாட்டு, குவெட்டா போகிற வண்டிக்கு வேறொரு பாட்டு. காசு கொடுத்தாலும் வாங்குவதில்லையாம். முந்தாநாள் ஒரு கல்யாணத்தில் இரண்டு ஓட்டுநர்கள் எதிரெதிரே உட்கார்ந்து விடிய விடியப் பாடினார்களாம்.

ஜியாந்த் எழுந்து நின்றுவிட்டார். கண்ணீர் தாடியில் வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"உனக்கு எந்தப் பாட்டு?" என்று கேட்டார் தோஸ்தேன்.

ஷம்பே தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினான்.

"உன் கிணற்றில் அயலான் வாளி இறங்குகிறது.
உன் வாசலில் அயலான் பூட்டுத் தொங்குகிறது.
பூட்டுக்குக் காவலாய் உன் மகனே நிற்கிறான்.
சாவி இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும், தாயே."

ஜியாந்தின் முகம் மாறியது. பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் அவர் கையாலேயே எழுதிக்கொண்ட கவிதை அது. அன்று குரு மூன்று வரி சொல்லிவிட்டு, அதற்குமேல் வரவில்லை என்று எழுந்து போயிருந்தார். நோட்டில் இருந்ததும் மூன்றே வரிதான்.

"வாஜா, நாலாவது வரி உங்களோடது இல்லை. அந்தக் காவலன் தானாச் சேர்த்திருக்கான்" என்றார் ஜியாந்த். "அதை விட்டுட்டு எழுதட்டுமா?"

தோஸ்தேன் புது நோட்டை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"எனக்குப் பூட்டு வரைக்கும்தான் தெரிஞ்சுது. எழுதுங்க ஜியாந்த், நாலு வரியையும்."