தெபோராள் டீச்சரின் இடது கை

ஜைத்தூன் பீவி தலைமை ஆசிரியை ஆகி ஆறு வருஷம். இன்றும் மனதில் ஒரு சந்தேகம் முளைத்தால் அவள் பஸ் ஏறுவது தெபோராள் டீச்சர் வீட்டுக்குத்தான்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குக் கல்வித் தத்துவம் நடத்தியவர் அவர். கரும்பலகையை மூன்றாகப் பிரித்து எழுதுவார். நல்ல முன்மாதிரியைக் காட்டிப் பிள்ளையை உயர்த்து என்பது கருத்துக் கொள்கை. அதன் போக்கில் வளரவிடு என்பது இயற்கைக் கொள்கை. வாழ்வுக்கு வேண்டியதைச் செய்ய வைத்துக் கற்பி என்பது பயனளவைக் கொள்கை. முத்து முத்தான அந்த எழுத்தை அழிக்க மனம் வராமல், வகுப்பு முடிந்தும் நாற்பது பெண்களும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஜைத்தூன் அதைப் பார்த்துப் பார்த்தே தன் கையெழுத்தை மாற்றிக்கொண்டாள்.

அந்த வலது கை இப்போது டீச்சரின் மடியில் அசையாமல் கிடந்தது. பக்கவாதம் வந்து நான்கு மாதம். மேசையில் ஒரு சிலேட்டும் குச்சியும் இருந்தன.

"எதுக்கு வந்த, சொல்லு." பேச்சு கொஞ்சம் குழறியது.

"எங்க பள்ளிக்கூடத்து டீச்சர்மார் ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன் டீச்சர். சண்முகவடிவு தான் எழுதிக் காட்டினதையே நூறு தடவை எழுத வைக்கிறா. ஜெனிட்டா பிள்ளைகளை அதுக இஷ்டத்துக்கு விடுறா. ரெண்டு பேர்கிட்டயும் படிச்சதுல ஏழு பிள்ளைக எழுதத் தெரியாமலே ரெண்டாங்கிளாஸுக்கு வந்துட்டு. இந்த ஜூன்ல ஒண்ணாங்கிளாஸை யார்கிட்ட குடுக்க? எந்தக் கொள்கை சரி?"

டீச்சர் இடது கையால் குச்சியை எடுத்தார்.

"எனக்கு 'அ' எழுதச் சொல்லிக் குடு."

ஜைத்தூன் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை.

அவள் ஒரு தாளில் பெரிதாக 'அ' எழுதி எதிரே வைத்தாள். "இதைப் பார்த்து எழுதுங்க."

டீச்சர் வெகுநேரம் பார்த்தார். சுழிக்கும் முன்பே கோடு எங்கோ ஓடிவிட்டது.

"சரி, உங்க மனசுபோல கிறுக்குங்க. கை பழகட்டும்."

டீச்சர் கிறுக்கினார். கொஞ்ச நேரத்தில் குச்சியைக் கீழே வைத்தார். "கிறுக்க எனக்கு முன்னாலயே தெரியும்."

ஜைத்தூன் யோசித்தாள். "நாகர்கோவில் தங்கச்சிக்குக் கடுதாசி போட்டு எத்தனை நாளாச்சு?"

"கிறிஸ்துமஸுக்குப் போட்டது."

"அப்ப, 'அன்புள்ள ரூபி'ன்னு சிலேட்டுல எழுதிப் பழகுங்க. கடுதாசியில மத்ததை நான் எழுதுறேன்."

டீச்சரின் முகம் மாறியது. வேகமாக எழுதப் பார்த்தார். முதல் எழுத்தே பாதியில் உடைந்தது. டீச்சரின் கண் நிறைந்ததை ஜைத்தூன் பார்த்தாள். இந்த மனுஷியிடம் போய்ப் பரீட்சை பார்க்கிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

எழுந்து பின்னால் போய், அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்து எழுதினாள். சிலேட்டில் வந்து நின்றது, முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய கரும்பலகையின் அதே 'அ'.

"வந்துட்டு டீச்சர்! உங்க எழுத்து அப்படியே வந்துட்டு!"

"அது உன் எழுத்து, ஜைத்தூன்."

அவள் கையை எடுத்துவிட்டாள். இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டீச்சர் துணியால் சிலேட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் குச்சியை வைத்தார். அழுத்தினார். சிலேட்டு மேசையில் நழுவி விலகியது. பிடித்துக்கொள்ள அந்த வலது கை எழவில்லை.

ஜைத்தூன் சிலேட்டின் ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தாள்.

சுழி வந்தது. வளைவு வந்தது. கடைசிக் கோடு கொஞ்சம் சாய்ந்து இறங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாய் வந்த பிள்ளையின் 'அ'. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்தக் கொள்கை டீச்சர்?" ஜைத்தூன் மெதுவாகக் கேட்டாள்.

தெபோராள் டீச்சர் சிலேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூணு கொள்கையிலயும் சிலேட்டு நழுவிக்கிட்டுதாம்மா இருந்தது. இப்பதான் நீ அதைப் பார்த்த."