பச்சை விளக்கு எரியாதபோது

“பொட்டி நல்லாருக்குதுங்களாம்மா?”

கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் பெட்டியை நீட்டி நாச்சிமுத்து கேட்டான். அம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார்.

மலையடி ஆசிரமத்துக்கு எல்லாரும் மனசை அடக்க வந்தவர்கள். நாச்சிமுத்து மட்டும் கையோடு ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னும் கொண்டுவந்தான். குருவான அம்மாவைவிட வயதில் மூத்தவன். ஆனாலும் சீடன் சீடன்தான்.

“வீட்டுக் கரண்ட் இந்தப் பக்கத்தோட நின்னுக்கும்ங்க,” என்றான். “உள்ளுக்குள்ள ஒரு குட்டி விளக்கு எரியும். எதிர்ல ஒரு கண்ணு அந்த வெளிச்சத்தப் பார்க்கும். ரெண்டுக்கும் நடுவுல கம்பியே கெடையாது. கண்ணு பார்த்ததை மைக்ரோகண்ட்ரோலர்னு ஒரு சில்லு படிச்சு, வெளிய பச்சை விளக்கைப் போடும். அது பென்சில் செல்லுல ஓடுது. தொட்டாலும் ஷாக் அடிக்காது.”

“கரண்ட் இல்லேன்னா?”

“விளக்கு எரியாதுங்க.”

அம்மா அடுத்த கொத்தை எடுத்தார்.

“அப்ப கிணத்து மோட்டாருக்கு மாட்டிரலாமுங்களா?”

அம்மா பேசவில்லை. அழுகின இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.

மௌனம் சம்மதம் என்று நாச்சிமுத்து எழுந்து போனான். போகும்போது பாட்டு வேறு.

அவனுக்கு அவசரம் இருந்தது. போன மழையில் அவன் தம்பி ராக்கியப்பன் அணில் கடித்துவைத்த அந்த மோட்டார் ஒயரைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டான். பிழைத்தது தெய்வச் செயல். அன்றைக்குத் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு நாச்சிமுத்து அழுத அழுகையை ஆசிரமமே பார்த்தது. அந்த அழுகைதான் பெட்டியாக மாறியது.

மோட்டார் லைனில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்தான். பெட்டியை அதில் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. அன்று அவனுக்குச் சாப்பாடு இரண்டு பங்கு இறங்கியது.

சில வாரம் கழித்து அணில் மறுபடி ஒயரைக் கடித்தது. ராக்கியப்பன் கட்டிங் பிளேயரோடு வந்தான்.

“மெயினைப் போய் ஆஃப் பண்ணிட்டு வாடா,” என்றார், சமையல்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சமையல்காரர்.

“எதுக்குங்க அத்தனை தூரம்? எங்கண்ணன் பொட்டி இருக்குதே.”

பச்சை விளக்கு எரியவில்லை. ராக்கியப்பன் குந்தி உட்கார்ந்தான்.

“நில்லு,” என்றார் அம்மா. எப்போது வந்தாரோ, கிணற்றடியில் நின்றிருந்தார். இரண்டு கையும் மூடியிருந்தன. “மொதல்ல அண்ணன் புடிக்கட்டும்.”

“அதுக்கென்னங்க,” என்று நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

கையை நீட்டினான். விளக்கைப் பார்த்தான். எரியவில்லை.

கை பாதியில் நின்றது.

மறுபடி விளக்கைப் பார்த்தான். இப்போதும் எரியவில்லை. கரண்ட் இல்லையா, பெட்டியே வேலை செய்யவில்லையா?

“என்னுங்கண்ணா, புடிக்கலாமுங்களா?”

“தொடாத. இங்கயே இரு.”

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினான். அங்கே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கை உருவி, அதே ஓட்டையில் பெட்டியைச் செருகினான்.

“யோவ், சட்னி பாதியில நிக்குதுய்யா!” என்றார் சமையல்காரர்.

விளக்கு எரியவில்லை.

பெட்டியை உருவி, மிக்சியை மறுபடி செருகினான். மிக்சி ஓடியது.

நாச்சிமுத்து வந்ததைவிட வேகமாகத் திரும்பி ஓடினான்.

ராக்கியப்பனுக்குப் பொறுமை கிடையாது. அண்ணன் தலை மறைந்ததும் ஒயரை நோக்கிக் குனிந்திருந்தான். அம்மா பக்கத்தில்தான் நின்றார், தடுக்கவில்லை.

நாச்சிமுத்து பாய்ந்து தள்ளினான். தம்பி சேற்றில் மல்லாந்து விழுந்தான்.

“என்னுங்கண்ணா இது!”

“பொட்டி செத்துக் கெடக்குதுடா!” குரல் உடைந்தது. “அதுல விளக்கே வராது. கரண்ட் இருந்தாலும் வராது!”

அம்மா இடது கையைத் திறந்தார். இரண்டு பென்சில் செல்கள்.

நாச்சிமுத்து அவரை வெறித்தான். முதல் தடவையாக அவர்மேல் அவனுக்குக் கோபம் வந்தது.

“எந்தம்பி செத்திருப்பானுங்களே!”

அம்மா வலது கையைத் திறந்தார். மோட்டார் லைனின் ஃபியூஸ் கட்டை.

“காலைலயே புடுங்கிட்டேன்,” என்றார்.

ராக்கியப்பன்தான் முதலில் சிரித்தான். முதுகுச் சேற்றை வழித்துக்கொண்டே எழுந்தான்.

“அப்பறம் என்னுங்கண்ணா? லைன்ல கரண்ட் இல்லை. பொட்டியும் அதைத்தான சொல்லுச்சு?”

நாச்சிமுத்து கையிலிருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பொட்டி ஒண்ணுமே சொல்லலடா,” என்றான்.

சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு மெல்ல அம்மாவின் பக்கம் திரும்பினான்.

“அன்னிக்கு மாட்டிரலாமான்னு கேட்டப்ப நீங்களும் ஒண்ணும் சொல்லலீங்களேம்மா.”

அம்மா இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.