தொந்திச் சுவர்

செங்கோட்டையில் மரக்கடைத் தெருவுக்குப் பின்னால் மீராசாவின் தச்சுப் பட்டறை. கோமதிநாயகம் அங்கே வேலை படிக்கப் போனபோது சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. ஆசானுக்கு நாற்பத்திரண்டு.

"நீங்க என்னை அண்ணாச்சின்னு கூப்பிட்டா போதும். நான் ஆசானேன்னுதான் கூப்பிடுவேன்" என்றார் கோமதிநாயகம்.

"கூப்பிடுங்க. டீ குடிக்கீங்களா?" என்றார் மீராசா.

பஸ் டிப்போவில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர் கோமதிநாயகம். கை இரும்பில் கிடந்தாலும் மனசு மரத்தில்தான் கிடந்தது. லீவு நாளில் அவர் வீட்டு முற்றத்தில் இழைப்புளிச் சத்தம் ஓயாது. மணை, தொட்டில், பல்லாங்குழி, பெட்டி எல்லாம் செய்வார். சொந்தபந்தத்துக்குச் சும்மாவே கொடுப்பார். கொடுத்ததை எவன் எப்படி வைத்திருக்கிறான் என்பதைச் சாகும்வரை மறக்கமாட்டார்.

மைத்துனர் கல்யாணத்துக்கு ஒரு தேக்குப் பெட்டி கொடுத்தார். மைத்துனர் அதில் கோழி அடைத்தார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் கோமதிநாயகம் முட்டை தொட்டதில்லை.

பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே அவர் ஆசானிடம் ஒரு குறை கண்டுபிடித்தார். மீராசா உட்காரும் ஸ்டூலுக்கு மூன்று கால்தான் ஒரே அளவு. நாலாவது கால் மட்டும் அரை அங்குலம் நீளம்.

'ஊருக்கெல்லாம் அலமாரி செய்யிற ஆள் உட்காருகிற லட்சணம் இதுதானா' என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை மீராசா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, நாலு காலையும் ஒரே அளவாக அறுத்து வைத்தார். குருவுக்குச் செய்த முதல் தொண்டு.

மீராசா வந்து உட்கார்ந்தார். ஸ்டூல் டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. எழுந்து குனிந்து பார்த்தார். கீழே கிடந்த மரச்சில் ஒன்றை எடுத்து ஒரு காலுக்கு அடியில் கொடுத்தார். மறுபடி உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

'ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே' என்று கோமதிநாயகம் அதையும் மனசில் முடிந்துகொண்டார்.

எட்டு மாதம் போயிற்று. "மச்சான் பொழுது போகாம பலகை அறுக்காரு" என்று மைத்துனர் சொன்னதாக ஒருநாள் காதுக்கு வந்தது. மறுநாளே வீட்டு வாசலில் போர்டு தொங்கியது: 'கோமதி மரவேலை. உங்கள் வீட்டு அளவுக்கு அலமாரி செய்து தரப்படும்.'

முதல் ஆர்டர் கொடுத்தவர் ரிட்டயர்டு டீச்சர் வடிவம்மாள். ஊரில் பாதிப் பேர் அவர் கையால் அடி வாங்கியவர்கள். அந்த அம்மா நன்றாயிருக்கிறது என்றால் ஊரே ஆர்டர் கொடுக்கும். நன்றாயில்லை என்றால் போர்டைக் கழற்றி அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

கோமதிநாயகம் உயிரைக் கொடுத்து வேலை செய்தார். ஆளுயரத் தேக்கு அலமாரி. முன்சட்டம் மட்டும் அலமாரியைவிட இரண்டு பக்கமும் மூன்று விரல் நீட்டி நிற்கும். அதன் விளிம்பை நாலு நாள் இழைத்து நூல் பிடித்ததுபோல நேராக்கினார்.

கொண்டுபோய்க் கூடத்து மூலையில் பக்கவாட்டுச் சுவரோடு சேர்த்து நிறுத்தினால், முன்சட்டம் நடுவில் இடித்தது. மேலேயும் கீழேயும் இரண்டு விரல் சந்து.

வடிவம்மாள் டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா இது, பல்லிக்கு வாசலா?"

"அலமாரி நேரா இருக்கு டீச்சர். சுவருக்குத்தான் தொந்தி விழுந்திருக்கு."

"எங்கப்பா முன்னால நின்னு கட்டுன சுவருய்யா அது!"

கோமதிநாயகம் அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"அப்ப உங்கப்பாவுக்கும் தொந்தி இருந்திருக்கும்."

பதினைந்து நிமிஷம் கழித்து அவர் வேர்க்க விறுவிறுக்கப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

"ஆசானே, நீங்களே நியாயம் சொல்லுங்க. நாளைக்குள்ள சரிபண்ணு, இல்லேன்னா தூக்கிட்டுப் போன்னு சொல்லுது அந்தம்மா. நான் எதைச் சரிபண்ண? ரசமட்டம் வச்சுக் காட்டினேன். தூக்குக்குண்டு தொங்கவிட்டுக் காட்டினேன். என் பேர்ல தப்பு இருந்தா என் கையை வெட்டுங்க!"

மீராசா டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"சுவர் கோணல்னு சொன்னீங்களா?"

"மூணு தரம் சொன்னேன்."

"டீச்சர் ஒத்துக்கிட்டாங்களா?"

"எங்க ஒத்துக்கிட்டாங்க!"

"சுவரு?"

"சுவரா?"

"இவ்வளவு சொன்ன பிறகு கொஞ்சமாவது நிமிர்ந்துச்சா?"

மீராசா காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு எழுந்தார். "வாங்க, போவோம்."

டீச்சர் வீட்டில் மீராசா யாருக்கும் நியாயம் சொல்லவில்லை. கீழே கிடந்த இரண்டு விரல் அகலக் கட்டை ஒன்றை எடுத்தார். அதன் ஓரத்தில் பென்சிலைச் சேர்த்துப் பிடித்தார். கட்டை சுவரை உரசிக்கொண்டு வர, பென்சில் சட்டத்தின் மேல் எழுதிக்கொண்டு வந்தது. மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. சுவரின் தொந்தி அப்படியே சட்டத்தில் படமாக விழுந்தது.

"இந்தக் கோட்டோட அறுங்க அண்ணாச்சி."

கோமதிநாயகம் கோட்டின் மேல் கையை வைத்து மறைத்தார்.

"நாலு நாள் இழைச்ச சட்டம் ஆசானே. என் கையாலயே கோணலாக்கவா?"

"ஆமா."

"சுவரைக் கொத்தச் சொல்லலாம்லா?"

"சொல்லலாம். போர்டுல என்ன எழுதியிருக்கீங்க?"

கோமதிநாயகம் ரம்பத்தை எடுத்தார். பெற்ற பிள்ளைக்கு மொட்டை போடுகிறவர் முகம்போல இருந்தது அவர் முகம். அறுத்தார், உளியால் செதுக்கினார், அரத்தால் தேய்த்தார். இரண்டு பேருமாகத் தள்ளி நிறுத்தினார்கள். சட்டம் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

டீச்சர் உள்ளே போய் ஒரு போஸ்ட் கார்டு கொண்டுவந்தார். சந்து கிடைக்குமா என்று மேலே குத்தினார், நடுவில் குத்தினார், குனிந்து கீழேயும் குத்தினார். கார்டு மடங்கிப் போயிற்று.

"பாத்தீரா?" என்றார் டீச்சர். "எங்கப்பா கட்டுன சுவரு நேராத்தான் இருக்கு. நீருதான் கோணலாச் செஞ்சு கொண்டாந்திருக்கீரு."

கோமதிநாயகத்தின் வாய் திறந்தது. உள்ளே வார்த்தைகள் வரிசை கட்டி நின்றன. ஓரக்கண்ணால் ஆசானைப் பார்த்தார். மீராசா சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமா டீச்சர்" என்றார் கோமதிநாயகம். வரிசையில் நின்ற வார்த்தைகள் மீன்முள்போல உள்ளே இறங்கின.

"அப்படி ஒத்துக்கிட்டா முடிஞ்சுபோச்சு. அடுக்களைக்கும் ஒண்ணு செஞ்சு குடும். அங்கயும் எங்கப்பா கட்டுன சுவருதான். இந்தத் தடவையாவது நேராச் செய்யும்."

திரும்பி வரும் வழியெல்லாம் கோமதிநாயகம் ஆசானுக்கு முன்னால் வேகவேகமாக நடந்தார். ஆர்டர் கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. பட்டறைக்குள் நுழைந்ததும் வெடித்தார்.

"எல்லாம் சரி ஆசானே. நாளைக்கு அந்தம்மா ஊரு பூராவும் சொல்லும், கோமதிநாயகம் கோணலாச் செஞ்சான், பிறகு திருத்தினான்னு. சுவரு கோணல்னு யாருக்குமே தெரியாமப் போயிருமே!"

மீராசா ஸ்டூலில் உட்கார்ந்தார். அது டக்கென்று சாய்ந்தது. போகும்போது எழுந்த வேகத்தில் சில் நகர்ந்துவிட்டிருந்தது. அவர் எழுந்து, குனிந்து, அதே சில்லைத் தேடி எடுத்து, அதே காலுக்கு அடியில் கொடுத்தார்.

கோமதிநாயகம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கீழே உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தார். ஸ்டூல் நிற்கும் இடத்தில் கல்பாவிய தரை ஒரு மூலையில் அரை அங்குலம் இறங்கியிருந்தது.

"தரைதான் கோண..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தரையில் உட்கார்ந்தபடியே, "நான்தான் அறுத்தேன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"அன்னைக்கே தெரியும். தூளைக்கூட நீங்க கூட்டல."

"எட்டு மாசமா குனிஞ்சு குனிஞ்சு சில்லு வைக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

மீராசா ஸ்டூலில் ஒருமுறை அசைந்து பார்த்தார். ஆடவில்லை.

"நாலு காலும் ஒரே அளவு. நீங்க அறுத்தது ரொம்பச் சரி. சரியா இருக்கிறவர்கிட்ட என்னத்தச் சொல்ல, அண்ணாச்சி?"