பல்லக்குக்கு முன்னால் ஒரு குரல்

கேளுங்கள், விழித்திருப்பவர்களே, கொட்டாவி விடுகிறவர்களும் கேளுங்கள். மலையடிவாரத்தில் குயிலூர் என்றொரு தலைநகரம் இருந்த காலம். ஊருக்கு வெளியே புத்த விகாரை. ஊருக்குள் அரசனின் பல்லக்குத் தூக்கிகள்.

பல்லக்குத் தூக்குவதில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் வருகிறவனுக்குப் பாதை தெரியாது, பல்லக்கு மறைத்துவிடும். ஆகவே முன்னால் போகிறவன் காலடியில் வருவதைச் சொல்லிக்கொண்டே போவான். “கல்லு.” “சேறு.” “மேடு.” பின்னவன் அதை நம்பிக் கால் வைப்பான்.

அந்துவன் முன்னவன். எயினன் பின்னவன்.

அந்துவன் விகாரைக்குப் போய்த் தியானம் கற்றான். மூச்சைக் கவனி என்றார்கள், கவனித்தான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே கவனித்தான். மறுநாள் பல்லக்கைச் சுமந்தபோதும் கவனித்தான். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. வாயிலிருந்து சொல் மட்டும் வரவில்லை. எயினன் கல்லில் இடறினான். பல்லக்கு சாய்ந்தது. உள்ளே இருந்த பல்லக்கு அதிகாரி சேற்றில் போய் உட்கார்ந்தார்.

“இன்னொரு முறை இப்படி நடந்தால், இருவரும் வேறு பிழைப்புப் பாருங்கள்!” என்றார், தாடிச் சேற்றை வழித்துக்கொண்டே.

வீங்கிய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு எயினன் கேட்டான்: “உன் மூச்சை நீ பார்த்துக்கொண்டாய் அண்ணே, சரி. என் காலை யார் பார்ப்பது?”

அந்துவன் விகாரைக்குப் போய்க் கண்ணை மூடினான். எயினனின் கட்டைவிரல்தான் தெரிந்தது.

அப்போது அரசனுக்கு ஒரு கவலை. இளவரசன் கைக்குழந்தை, லேசில் உறங்காதவன். சோலைக் காற்றில் மட்டும் கண்ணயர்வான். உறங்கும் பிள்ளையை எழுப்பாமல் சோலையிலிருந்து பாறைப் பாதை வழியே அரண்மனை சேர்ப்பவர்களுக்கே இனி அரசனின் பல்லக்கு. மற்றவர்களுக்கு வேலை இல்லை என்று அறிவித்தான்.

முதல் நாள் வந்த இருவர் பலசாலிகள், ஓடினார்கள். பிள்ளை விழித்தான்.

இரண்டாம் நாள் வந்தவர்கள் புத்திசாலிகள். குழந்தை உறங்குகிறதே என்று வாயைத் திறக்கவில்லை. பின்னவன் பள்ளத்தில் கால் வைத்தான். பிள்ளை விழித்தான், அரண்மனையே விழித்தது.

மூன்றாம் நாள் அந்துவனும் எயினனும். அதிகாரி கூடவே நடந்தார்.

“கல்லு” என்றான் அந்துவன்.

“வாயை மூடு, பாவி!” என்று சீறினார் அதிகாரி. “பேசினால் இப்போதே வேலை போகும்.”

அந்துவன் பாதையைப் பார்த்தான். பின்னால் விந்தி வரும் காலைக் கேட்டான்.

“மேடு” என்றான். “மணல்.” “வேரு.”

தாழ்ந்த குரல், ஒரே சீர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓரடி. பிள்ளைக்கு அது தாலாட்டாயிற்று. அரண்மனை வாசலில் இறக்கியபோது, இளவரசன் குறட்டையே விட்டான்.

“தியானம் கற்றவன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாயாமே, தியானத்தை விட்டுவிட்டாயா?” என்று கேட்டான் அரசன்.

“விடவில்லை அரசே. தோளில் ஏற்றிக்கொண்டேன்.”

அரசன் மகிழ்ந்து, அதிகாரிக்குப் பக்கத்தில் ஓர் ஆசனம் தருவதாகச் சொன்னான்.

“வேண்டாம் அரசே. உட்கார்ந்தால் எனக்குக் கண் மூடிவிடும்.”

அன்று பல்லக்குத் தூக்கிகளின் தெருவே நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. எயினன் மட்டும், நொண்டிக்கொண்டே, எல்லோரையும்விட நிமிர்ந்து நடந்தான்.

ஆகவே அறிக: செய்யும் வேலையிலும், நம்மை நம்பிக் கால் வைப்பவனிடத்திலும் மனம் நிற்பதே மெய்யான தியானம்.